பழனிச்சாமி ஏற்கெனவே வெளியே போய்விட்டார்

வேண்டுதல் அம்மாவுடையது, தலை ஜெயமுருகனுடையது. மகள் ஸ்வேதாவுக்கு நல்ல இடமாக அமைந்தால் மொட்டை போடுவதாக விசாலாட்சி முருகனிடம் நேர்ந்துகொண்டபோது, யாருக்கு என்று சொல்லவில்லை. ஒட்டன்சத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்த பிறகுதான் வீட்டில் இருக்கும் தலைகளைச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குக் குளிர் ஆகாது. ஸ்வேதா கல்யாணப் பெண். மிச்சமிருந்த தலை கொடைக்கானலில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பழனி அடிவாரத்தில் முடி இறங்கியது. மீசையும் கூடவே போனது. திங்கட்கிழமை காலை ஜெயமுருகன் சந்தனம் பூசிய தலையோடு, நாயுடுபுரத்துக்கு மேலே இருக்கும் வெண்முகில் கலை அறிவியல் கல்லூரியின் வாசலில் நின்றான்.

அந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு அங்கே ஒரு இரும்புக் கதவும் இருளன் என்ற காவலாளியும் இருந்தார்கள். இருளன் அடிவாரக் காட்டுக்காரர். அறுநூற்று நாற்பது மாணவர்களையும் பனிமூட்டத்துக்குள் நடந்து வரும் நடையை வைத்தே பெயர் சொல்லிவிடுவார். இது பழைய முறை என்று நிர்வாகம் கருதியது. எனவே ‘முகமே முகவரி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இரும்புக் கதவுக்குப் பதில் கண்ணாடிக் கதவு. அதற்குப் பக்கத்தில் ஒரு கேமரா. கேமரா முகத்தைப் பார்க்கும், பெயரைச் சொல்லும், கதவைத் திறக்கும், வருகையைப் பதியும். இருளன் வேலையை இழக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களிடம் “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அதுக்கு மூஞ்சி தெரியல” என்று சொல்லும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது.

திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் முதல்வர் முனைவர் ஞானவேல். அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஜரிகைத் தலைப்பாகை கட்டி, முதல் முகமாக அவர் முகத்தைப் பதிந்தார்கள். அதன் பிறகு கேமரா தலைப்பாகை இல்லாத ஞானவேலை ஏற்கவே இல்லை. அவர் தினமும் காரில் தலைப்பாகையோடு வந்து, வாசலில் இறங்கி, முகம் காட்டி உள்ளே போனதும் அதைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவார். மாணவர்கள் யாரும் சிரிப்பதில்லை. சிரித்த முகத்தையும் கேமரா ஏற்பதில்லை.

ஜெயமுருகன் திங்கட்கிழமை கேமரா முன் நின்றபோது அது ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: “வருக, பழனிச்சாமி.”

கதவு திறந்தது. குளிரில் மொட்டைத் தலையோடு நிற்பவன் திறந்த கதவோடு வாக்குவாதம் செய்ய மாட்டான். உள்ளே போய்விட்டான்.

விஷயம் அவனுக்கு உடனே புரிந்தது. பழனிச்சாமி அவனோடு முதலாண்டில் சேர்ந்தவன், வடகவுஞ்சிக்காரன். பிளஸ் டூ தேறியதற்கு மொட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்த வாரத்தில்தான் முகப்பதிவு நடந்தது. ஒரு மாதத்தில் படிப்பு பிடிக்காமல் நின்றுவிட்டு, இப்போது பெருமாள்மலையில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். ஆனால் கேமராவின் மனதில் மொட்டை என்றால் பழனிச்சாமிதான். பழனிப் பக்கத்து மாணவர்கள் யார் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாலும், அன்றைய வருகை பழனிச்சாமி கணக்கில் ஏறியது. தைப்பூசம் முடிந்த வாரத்தில் மட்டும் அவன் ஒரே நேரத்தில் ஒன்பது வகுப்புகளில் இருந்தான்.

ஜெயமுருகன் வாரம் முழுக்கப் பழனிச்சாமியாகப் படித்தான். முடி வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான். அவனுடைய சொந்தப் போன்கூட முதல் நாள் ஐந்து முறை அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கிவிட்டு, மரியாதையாகக் கடவு எண்ணைக் கேட்டு உள்ளே விட்டது. அந்தத் தயக்கம் கல்லூரிக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலை உள்மதிப்பீட்டுத் தேர்வு. மாலை ஆறரை மணிக்குப் பழனியில் ஸ்வேதாவுக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லாத வீடு. பெண் வீட்டுப் பக்கம் தட்டு மாற்ற வேண்டியவன் ஜெயமுருகன்தான். பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ஆனால் அடிவாரத்து விபூதிக் கடையின் நடுச்சுவர் விஷயத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. அவர் கையால் தட்டு மாற்றுவதைவிட நிச்சயத்தையே நிறுத்திவிடலாம் என்பது அம்மாவின் கட்சி. ஆகவே ஜெயமுருகன் இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, கை கழுவி, கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

பன்னிரண்டரைக்குத் தேர்வு முடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து கேமராவுக்கு முகத்தைக் கொடுத்தான்.

“பழனிச்சாமி ஏற்கெனவே வெளியே போய்விட்டார். நன்றி.”

தள்ளி நின்று காட்டினான். பக்கவாட்டில் காட்டினான். ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னது.

“பதினோரு மணிக்கு அந்த ஃபர்ஸ்ட் இயர் மொட்டை, கோகுல்ராஜ், போனான் தம்பி” என்றார் இருளன். “அவன்தான் இன்னைக்குப் பழனிச்சாமியா போயிட்டான். நேத்து சாயங்காலம் புது ரூல் போட்டிருக்காக. ஒரு மூஞ்சி வெளிய போச்சுன்னா, திரும்ப உள்ள வந்தாத்தான் மறுபடி வெளிய போகலாமாம்.”

“உள்ள வர்றதுக்கு?”

“அதுக்கு ரூலே இல்ல. எத்தனை தடவ வேணாலும் வரலாம்.”

சேர்க்கை விஷயத்தில் கல்லூரி எப்போதுமே தாராளம்.

“அண்ணே, நான் ஜெயமுருகன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“நீ மொத நாளு பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வந்தப்பவே தெரியும். வலது கால கொஞ்சம் இழுத்து வைப்ப. ஆனா எனக்குத் தெரிஞ்சது இப்பச் செல்லாது தம்பி. அந்த ஜெயபிரகாஷ் சாரப் போய்ப் பாரு.”

சுவர் ஏறிக் குதிக்கும் யோசனை ஜெயமுருகனுக்கு வராமல் இல்லை. சுவருக்கு மேல் சூரிய மின்வேலி ஓடியது. காட்டுமாடுகள் வராமலிருக்கப் போட்டது. சுவர் இடிந்து கிடந்த இடம் வழியாகப் புதன்கிழமை ஒரு காட்டுமாடு உள்ளே வந்தது. அன்று மாலையே அந்த இடத்தை அடைத்து வேலியை முடித்துவிட்டார்கள். மாடு உள்ளேயே நின்றுவிட்டது. வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் மூன்று நாளாக மேய்ந்துகொண்டிருந்தது.

ஜெயபிரகாஷ் கணினித்துறை உதவிப் பேராசிரியர். ‘முகமே முகவரி’யின் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பதவியை எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவருடைய சன்னலுக்கு வெளியேதான் காட்டுமாடு நின்றது.

“சார், நான் ஜெயமுருகன். என்னைய வெளிய விட மாட்டேங்குது.”

“ஜெயமுருகன்னு நீ சொல்ற.”

“ரெண்டு வருசமா நீங்கதான சார் எனக்கு கிளாஸ் எடுக்கிறீங்க.”

“எடுக்கிறேன். பெர்சனலா உன்னைய எனக்கு நல்லாவே தெரியும். அஃபிஷியலா தெரியாது.” கணினியைத் தட்டினார். “ஜெயமுருகன் திங்கக்கிழமையிலிருந்து ஆப்சென்ட். பழனிச்சாமி பதினொன்னு நாலுக்கு வெளிய போயாச்சு. சிஸ்டம் பிரகாரம் ஜெயமுருகனும் உள்ள இல்ல, பழனிச்சாமியும் உள்ள இல்ல. உள்ள இல்லாத ஆளை எப்படிப்பா வெளிய விடுறது?”

“சார், நான் உங்க முன்னாடி நிக்கிறேன்.”

“அந்த மாடும்தான் நிக்கிது.” சன்னலைக் காட்டினார். “வனத்துறைக்குச் சொல்லலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அதோட முகம் பதிவாகல. அதனால அது உள்ளயே வரல. வராத மாட்டைப் பிடிக்க வாங்கன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஆடிட்ல யார் பதில் சொல்றது?”

மாடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. ஜெயமுருகனும் பார்த்தான். இருவருக்கும் ஒரே சந்தேகம்தான்.

“இன்னைக்கு எங்கக்காவுக்கு நிச்சயம் சார். நான்தான் தட்டு மாத்தணும்.”

“அச்சச்சோ. வாழ்த்துகள். முடி வளர எத்தனை நாளாகும்?”

“ஒரு மாசம் ஆகும் சார்.”

“ஒரு மாசத்துல சரியாயிடும்.”

ஆனாலும் ஜெயபிரகாஷ் இரக்கமில்லாதவர் அல்ல. நாடகக் குழுவின் பெட்டியிலிருந்து ஒரு பொய்முடியை எடுத்து வரச்சொன்னார். ராணி வேடத்துக்கான முடிதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஜெயமுருகன் மறுபடி வாசலுக்குப் போனான். கேமரா வெகுநேரம் யோசித்தது.

“ராஜகுமாரி மேடம், நீங்கள் பேறுகால விடுப்பில் இருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள்.”

இருளன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

அதே நேரம் அம்மா போனில் வந்தாள். “ஏலே, எங்க இருக்க?”

“காலேஜ்லம்மா.”

“பொய் சொல்லாத. இந்த வாரம் பூராம் நீ காலேசுக்கே போகலன்னு தினமும் மெசேஜ் வருது. போகாதவன் வெள்ளனே வீடு வந்து சேர வேண்டியதுதான? இங்க அம்புட்டுச் சோலி கெடக்கு.”

“அம்மா, நான் உள்ள மாட்டிக்கிட்டேன். வெளிய விட மாட்டேங்கிறாங்க.”

“என்ன தப்பு பண்ணுன?”

“மொட்டை போட்டேன்.”

சாமி விஷயத்தில் மகன் குறை சொல்கிறானோ என்று அம்மா யோசிப்பது அவனுக்குக் கேட்டது. “முருகனுக்குக் குடுத்த முடியால ஒரு கெடுதலும் வராது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மணி ஒன்றே கால். கதவை அவசரமாகத் திறக்க ஒரே வழி உண்டு, அதற்கு முதல்வரின் முகம் வேண்டும் என்றார் இருளன். ஜெயமுருகன் விழா அரங்குக்கு ஓடினான்.

முதல்வர் ஞானவேல் மேடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வருகைத் திருவிழா. மேசைமேல் ஒரு கேடயம் மின்னியது. அதில் பொறித்திருந்தது: ‘சிறந்த மாணவர் பழனிச்சாமி. வருகை: 318 விழுக்காடு.’

“மற்ற கல்லூரிகளில்” என்று ஒலிவாங்கியில் முழங்கினார் முதல்வர், “மாணவர்களால் நூறு விழுக்காடுதான் வர முடிகிறது. அதற்கு மேல் அவர்களுக்கு ஊக்கமில்லை. நமது பழனிச்சாமியோ ஒரே நேரத்தில் ஒன்பது வகுப்புகளில் அமர்ந்து கற்றிருக்கிறார். இது எப்படிச் சாத்தியம் என்று சிலர் கேட்கிறார்கள். சாத்தியமா என்று கேட்பதற்காகவா நாம் தொழில்நுட்பத்தை வாங்கினோம்?”

காலியாக இருந்த நாற்காலிகளுக்கு நடுவில் உதவியாளர் ஒருவர் கைதட்டினார். ஜெயமுருகன் மேடைக்குக் கீழே போய் நின்று விஷயத்தைச் சொன்னான். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“எத்தனையோ கல்லூரியில மாணவர்கள் உள்ள வர்றதுக்கே மறுக்கிறாங்க. இங்க ஒரு மாணவன் வெளிய போக முடியாம தவிக்கிறான். ஒரு கல்வி நிறுவனத்துக்கு இதைவிட என்ன வேணும் தம்பி?” உதவியாளரிடம் திரும்பினார். “இதைக் குறிச்சுக்கங்க. ஆய்வுக்குழு வரும்போது சொல்லணும்.”

“சார், உங்க முகத்தை ஒரு தடவை காட்டுனா கதவு திறந்துரும்.”

“காட்டலாமே. எனக்கென்ன. ஆனா தலைப்பாகை விழாவுக்காக இஸ்திரிக்குப் போயிருக்கு. மூணு மணிக்கு வந்துரும்.”

“ரெண்டே முக்காலுக்கு பஸ் சார்.”

“தலைப்பாகை இல்லாம நானே வெளிய போக முடியாதுப்பா” என்றார் முதல்வர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஒலிவாங்கி இல்லாத குரலாக இருந்தது. உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு மடல் எழுதிக் குடு. பரிசீலிக்கிறோம். மடல் கல்லூரிச் செயலி வழியா வரணும்.”

செயலி முகம் கேட்டது. முகத்தைக் காட்டினான். ‘வணக்கம் பழனிச்சாமி. கல்லூரி வளாகத்துக்குள் வந்த பிறகு விண்ணப்பிக்கவும்’ என்றது.

ஜெயமுருகன் வாசலுக்கே திரும்பி வந்து, கதவுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாலை தெரிந்தது. கேரட் ஏற்றிய லாரி ஒன்று போனது. அதை ஓட்டியவனுக்கு அந்தப் பாக்கியத்தின் அருமை தெரியவில்லை. சந்தனம் காய்ந்து தலை அரித்தது. ஐந்து நாட்களாகப் பழனிச்சாமியாக இருந்ததில் அவனுக்கு வருத்தமில்லை. இனி ஒருவேளை மாடாகவும் இருக்க வேண்டுமோ என்பதுதான் கவலை.

அப்போது வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவனுக்கு நல்ல அடர்த்தியான முடி. நெற்றியில் விழும்படி வெட்டி, செம்பட்டைச் சாயம் ஏற்றியிருந்தான். கேமரா முன் நின்றான்.

“இந்த முகம் பதிவில் இல்லை. நன்றி.”

“பார்த்தீங்களாண்ணே, இன்னைக்கும் விட மாட்டேங்குது” என்று கண்ணாடி வழியாக இருளனிடம் முறையிட்டான். “பரிசு குடுக்கிறோம் வான்னு இவங்களே மெசேஜ் போடுறாங்க. வந்தா நீ யாருன்னு கேக்குறாங்க.”

ஜெயமுருகன் எழுந்தான். “ஏலே பழனிச்சாமி!”

“யாரு... மாப்ள ஜெயமுருகனா? என்னடா மொட்டை?”

“அதை ஏன் கேக்குற. அஞ்சு நாளா நான்தான்டா நீயி.”

கண்ணாடியின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டார்கள். பழனிச்சாமியின் கதை இன்னும் பழையது. அவனுடைய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தன. காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க அவை வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். ஒரு வருடமாகப் போன் போட்டுக் கேட்கிறான். ‘தினமும் வகுப்புக்கு வரும் மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்க இயலாது’ என்றே பதில் வருகிறது.

“நின்னு ஒன்னரை வருசம் ஆச்சுங்கன்னு சொன்னா, நேத்துகூட வந்திருக்கியே தம்பிங்கிறாங்க. சர்டிபிகேட்டு உள்ள கெடக்கு, நான் வெளிய கெடக்கேன் மாப்ள.”

இருளன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பொறியில் சிக்கிய மிருகங்களை நிறையப் பார்த்தவர் அவர். ஒரே பொறியில் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் சிக்கியதை இங்கேதான் பார்த்திருக்க வேண்டும்.

“ஒரு மொட்டை உள்ள வந்தாத்தான் ஒரு மொட்டை வெளிய போகும்” என்றார். “நாயுடுபுரத்துல சலூன் தொறந்துதான் கெடக்கு.”

பழனிச்சாமியின் கை தலைக்குப் போனது. “அண்ணே, இது மதுரையில போய் வெட்டுனது. கலர் போட்டு பத்து நாளுதான் ஆச்சு.”

“உனக்கு சர்டிபிகேட்டு வேணுமா, கலர் வேணுமா?”

“மாப்ள” என்றான் ஜெயமுருகன், “எங்கக்கா நிச்சயம்டா. நான் போகலன்னா எங்க பெரியப்பன் தட்டு மாத்துவாரு. எங்கம்மா அதுக்குச் செத்தே போகும்.”

பழனிச்சாமி ஜீப்பின் கண்ணாடியில் தன் தலையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தான். “ஒங்க அக்காவுக்காக” என்றான். ஜீப் கிளம்பியது.

மணி இரண்டு ஐந்து. இரண்டு பதினைந்து. பனி இறங்கிச் சாலை மறைந்தது. இரண்டு இருபத்தெட்டுக்குப் பனிக்குள்ளிருந்து ஒரு மொட்டைத் தலை முதலில் வந்தது. அதற்குக் கீழே பழனிச்சாமி வந்தான். காதோரம் சின்ன வெட்டு. முகத்தில் துக்கம்.

“வருக, பழனிச்சாமி” என்றது கேமரா. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சரியான ஆளிடம் சொன்னது. அதற்கு அது தெரியாது.

அவன் உள்ளே வந்த மறுகணம் ஜெயமுருகன் முகத்தைக் கொடுத்தான்.

“சென்று வருக, பழனிச்சாமி.”

கதவு திறந்தது. வெளிக்காற்று உச்சந்தலையில் பட்டது. நன்றி சொல்லத் திரும்பினான். “போலே வெரசா, பஸ் போயிரும்” என்று பழனிச்சாமி விரட்டினான். ஓடினான்.

பஸ் கிடைத்தது. பெருமாள்மலையைத் தாண்டி, வளைவு வளைவாக இறங்கி, ஆறு மணிக்குப் பழனி சேர்ந்தது. ஆறரைக்கு ஜெயமுருகன் வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஆறே முக்காலுக்குத் தட்டு மாறியது. பெரியப்பா மூன்றாவது வரிசையில் அமர்ந்து நடுச்சுவரைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வேதா தம்பியின் தலையைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவின் கண் கலங்கியது. எல்லாம் முருகன் செயல் என்றாள்.

அப்போது அவன் போன் அடித்தது. கையில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டு இருந்ததால், போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டவள் அம்மாதான்.

“மாப்ள, நான் பழனிச்சாமி பேசுறேன். பரிசு குடுத்துட்டாங்கடா. பெரிய ஷீல்டு. மேடையிலயே பிரின்சிபால்கிட்ட கேட்டேன், சர்டிபிகேட்டும் கைக்கு வந்துருச்சு.”

“சந்தோசம்டா.”

“ஆனா கதவு விட மாட்டேங்குது. நான் ரெண்டு இருபத்தொம்பதுக்கே வெளிய போயிட்டேனாம். இப்ப சர்டிபிகேட்டும் நானும் ரெண்டு பேரும் உள்ள கெடக்கோம்.”

மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“பிரின்சிபால் மூஞ்சியக் காட்டச் சொல்லுடா!”

“அவரும் இங்கதான் கல்லு மேல உக்காந்திருக்காரு. தலைப்பாகை இஸ்திரியில கருகிப் போச்சாம். பின்னாடி ஒரு மாடு வேற நிக்கிது. பசிக்குது மாப்ள. அங்கன வேற மொட்டை யாராச்சும் இருந்தா வெரசா அனுப்பி விடு.”

அம்மா போனைக் கீழே வைத்தாள். தன் மகனுக்குப் பதிலாக ஒரு பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது. சன்னல் வழியே மலைக்கோயில் விளக்குகளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள்.

“முருகா, அந்தப் புள்ள நல்லபடியா வெளிய வந்துட்டா உனக்கு ஒரு மொட்டை போடுறேன்.”

யாருக்கு என்று சொல்லவில்லை. கூடத்திலிருந்த பெண் வீட்டுப் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரின் கையும் தானாகத் தலைக்குப் போனது, பெரியப்பாவின் கையும்தான். மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பத்துக்குப் புதிது. நல்ல அடர்த்தியான முடி.

அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.